குழாய் எந்தப் பக்கம்?

கல்யாணத்துக்கு ரேடியோ செட்டு சொல்லிவிட்டால் வழக்கமாக என்ன நடக்கும்? முதல் நாள் மத்தியானம் மாட்டு வண்டி வரும். பெட்டிகள் இறங்கும். ஓர் ஆள் தென்னைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவான். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று கத்துவான். ஒரு சாமி பாட்டு போடுவான். அதோடு சரி, மறுநாள் வரைக்கும் அந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேச முடியாது. எண்பதுகளில் எங்கள் செஞ்சிப் பக்கம் நடந்த கல்யாணம் எல்லாம் இப்படித்தான் நடந்தது. ரேடியோ செட்டு பாய் ஒருத்தர்தான் வேறு மாதிரி. பெட்டிகளைப் பந்தலில் இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றிவரக் கிளம்பிவிடுவார்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார். “வூட்ல ஒடம்பு சரியில்லாதவங்க யாராச்சும் இருக்காங்களாமா? கைக்கொழந்த இருக்குதா? பரிச்சைக்குப் படிக்கிற புள்ளைங்க?” என்று கேட்பார். கொடுத்த டீயைக் குடிப்பார். அடுத்த வீடு. இப்படி முழுத் தெருவையும் முடித்துக்கொண்டு வந்த பிறகுதான் குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மரத்தில் இருக்கும் ஆளுக்குச் சொல்வார்.

கல்யாண வீட்டுக்காரனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? “நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு ஊருல பர்மிஷன் கேட்டுக்கினு வர்றியா பாய்?” என்று பந்தலில் வைத்தே சத்தம் போட்டவர்கள் உண்டு.

“பர்மிஷன் இல்லண்ணே. பாட்டக் கேக்க வேணாம்னு நெனைக்கிறவனும் கேட்டுத்தான ஆவணும்? அது யாருன்னு தெரிஞ்சிக்கலாம்னு” என்பார்.

பாய் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. செஞ்சிக் கடைத்தெருவில், ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய அளவுக்கு ஒடுக்கமான கடை. சுவரெல்லாம் ஒயர் சுருள்கள் தொங்கும். ஆள் நல்ல உயரம், ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். குரல் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். ரேடியோ செட்டு வைத்திருக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு குரலா என்று எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மைக்கைச் சோதிக்கும்போதுகூட அதில் ‘ஃபூ’ என்று ஊதுவாரே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அந்தக் காலத்தில் செட்டை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் தெரியுமா? பாட்டு நன்றாக இருக்குமா, புதுப் படப் பாட்டு இருக்குமா என்பதெல்லாம் அப்புறம். “சத்தம் எதுவரைக்கும் கேக்கும்?” இதுதான் முதல் கேள்வி. ராஜகிரிக் கோட்டை உச்சியில் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்று ஒருத்தன் சொன்னால், அடுத்தவன் மேல்சித்தாமூர் வரைக்கும் கேட்கும் என்பான். யார் வீட்டுக் கல்யாணம் எத்தனை ஊருக்குக் கேட்டது என்பதில்தான் கௌரவம் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இவர் குழாயைத் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டு பிழைப்பை ஓட்டினார். எப்படி ஓட்டினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தொண்டூரில் எங்கள் உறவில் ஒரு காதுகுத்து. பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது. சத்தம் கேட்டால் பால் இறக்காது என்று அந்த வீட்டுப் பெரியம்மா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், இவர் செட்டை நிறுத்திவிட்டார். “மாடு கறந்து முடியட்டும்” என்று பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? குத்திவிட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் பாட்டை உச்சத்தில் வைப்பார்கள், குழந்தை அழுவது யாருக்கும் கேட்காது. அன்றைக்குத் தொண்டூர் மொத்தத்துக்கும் கேட்டது. அந்தக் குழந்தையின் அம்மா ரொம்ப நாள் வரைக்கும் இவரை எங்கே பார்த்தாலும் திட்டுவாள். இவர் நின்று, தலையை ஆட்டி, முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் போவார்.

எல்லாச் சமயமும் அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். பனமலையில் ஒரு கல்யாணத்தில் தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்ல, இவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயைத் திருப்பி, கடைசியில் அது ஏரியைப் பார்த்து நின்றதாம். பாட்டு முழுவதும் கொக்குக்கும் நாரைக்கும்தான். பந்தலில் இருந்தவர்களுக்கு ஏதோ பக்கத்து ஊர்த் திருவிழா மாதிரி கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குதி குதியென்று குதித்தார். “ஆமாங்க, கொஞ்சம் ஜாஸ்தியா திருப்பிட்டேன்” என்று பாய் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட மனுஷனிடம் என்ன சண்டை போடுவது?

ஆனால் ஒரு விஷயத்தில் பொல்லாதவர். சவுண்டு திருகும் குமிழில் அவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, “இன்னும் கொஞ்சம் வெய்யி பாய்” என்று ஒரு கை நீண்டது. டெஸ்டராலேயே அந்த விரல்மேல் ஒரு போடு போட்டார். கை யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை! கூட்டம் திகைத்துப் போய்விட்டது. இவர் அசரவில்லை. “மாப்ளயா இருந்தா இன்னா? கை கைதான” என்றார். மாப்பிள்ளையே சிரித்துவிட்டதால் தப்பித்தார்.

எனக்கு அவரிடம் ஒரு சின்ன பயமும் இருந்தது. யோசித்துப் பாருங்கள், ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எல்லாம் அந்த ஒரு ஆளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எத்தனை குடும்பம் சந்தி சிரிக்கும்! ஆனால் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொன்னார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழாய் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் சொல்வார். மற்றது அவரோடு போய்விடும். எதற்கு இப்படி வீடு வீடாக அலைகிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். “போற எடத்துல டீ கெடைக்குதுல்ல” என்று சிரித்தார்.

என் கல்யாணத்துக்கு இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். பாட்டுக்காக இல்லை. அதற்கு எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா என்றால் என் நைனாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. நான் பள்ளிக்கூடம் போனதெல்லாம் அவர் சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்துதான். எனக்குச் சுரம் வந்தால் நைனா கஷாயம் காய்ச்சச் சொல்வார், சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அப்படிப்பட்ட அண்ணன் தம்பிக்குள் கிணற்று மோட்டாரில் சண்டை வந்தது. யார் முறையில் யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று ஆரம்பித்து, வாய் வார்த்தை முற்றி, பேச்சு நின்றுபோனது. ஒரே தெரு, எதிரெதிர் வாசல், இவர் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். வருஷக்கணக்கில் இப்படியே போனது. சின்னம்மாவை நான் ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் மட்டும் ரகசியமாகப் பேசுவேன்.

கல்யாணம் நிச்சயமானதும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சித்தப்பாவைக் கூப்பிட வேண்டும். நைனா எழுந்தே விட்டார். “நம்ம வூட்டு ஆளுங்க யாராச்சும் அந்த வாசப்படிய மிதிச்சீங்கன்னா, நான் பந்தல்ல நிக்க மாட்டேன். நீங்களே தாலி கட்டிக்குங்க” என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சித்தப்பா இல்லாமல் எனக்கு ஒரு கல்யாணமா? அதற்குள் அவர் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார் என்ற செய்தியும் வந்தது. அதைக் கேட்டும் நைனா போய்ப் பார்க்கவில்லை.

செட்டு விஷயம் வந்தபோது நைனா திண்டிவனத்திலிருந்து பெரிய செட்டாகக் கொண்டுவர நினைத்திருந்தார். “பட்டுப்புடவ எந்தக் கலர்ல வேணா எடுங்க. செட்டு மட்டும் நான் சொல்ற ஆளுதான்” என்றேன்.

“செட்டுல இன்னாடி இருக்குது?”

“பாய் போடுற பாட்டு நல்லா இருக்கும் நைனா.”

பச்சைப் பொய். அவரிடம் இருந்த இசைத்தட்டுகளில் பாதி கீறல் விழுந்தவை. ஆனால் அவர் எல்லா வீட்டு வாசலுக்கும் போவார். எங்கள் வீட்டு ஆட்கள்தானே மிதிக்கக் கூடாது? எங்கள் கல்யாணத்துக்காக வந்த ஒருத்தர் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, ‘வூட்ல ஒடம்பு சரியில்லாதவங்க இருக்காங்களா’ என்று கேட்டால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார், என்ன பாட்டெல்லாம் வேண்டும் என்று கேட்க. “எது போட்டா இன்னா, சத்தமா போடு” என்றார் நைனா. பாய் என் பக்கம் திரும்பி, “உனக்கு இன்னா பாட்டு வேணும் பாப்பா?” என்றார். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நைனா கொல்லைப்பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னேன்:

“எதிர்வூட்டுக்கு மறக்காம போங்க பாய்.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “எல்லா வூட்டுக்கும்தான் போவேன்” என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டிகள் இறங்கின. நைனா பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்ததுமே கையை நீட்டி எதிர்வீட்டைக் காட்டினார். “குழாய அந்த வூட்டப் பாத்து கட்டு. இங்க நடக்குறது அவன் காதுல உழுந்துனே இருக்கணும். ஓடு அதிரணும், ஆமா.”

அடிபட்டுக் கிடக்கிற மனுஷனுக்கு நேராக இரண்டு நாள் குழாயைக் கத்தவிடுவதா? பாய் வழக்கம்போலத் தெருவைச் சுற்றக் கிளம்பினார். எனக்குக் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் நின்றவர், சித்தப்பா வீட்டில் உள்ளேயே போய்விட்டார். வெளியே வரவே இல்லை. மருதாணி காய்ந்துவிட்டது. நைனா பந்தற்காலைக் கட்டுவதும் அந்த வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கடைசியில் பாய் வெளியே வந்தார். நேராக மரத்தடிக்குப் போனார். மேலே இருந்த ஆளிடம் கையைக் காட்டினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. குழாய் மெதுவாகத் திரும்பிச் சித்தப்பா வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்றது.

எனக்கு வந்த கோபத்தில் கல்யாணப் பொண்ணு என்பதுகூட மறந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “இன்னா பாய், நீங்களுமா நைனா பேச்சக் கேட்டுக்கினு ஆடுறீங்க? அங்க ஒடம்பு சரியில்லாதவர் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியாது?”

பாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். நைனாவும் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

“தெரியும்மா. உங்க நைனா சொன்னதுக்காக நான் கட்டல. உங்க சித்தப்பாதான் சொன்னாரு. ‘வேற பக்கம் திருப்பிடாத பாய். என் பக்கமே கட்டு. என்னால வர முடியாது, கூப்பிடவும் மாட்டாங்க. எம்பொண்ணு கல்யாணத்தப் படுத்துனே கேட்டுக்கறேன்’னாரு. மைக்க மேளத்துக்குக் கிட்ட வெக்காம மணையாண்ட வெக்கச் சொன்னாரு. கெட்டிமேளம்னு ஐயிரு சொல்றது கேக்கணுமாம்.”

அம்மா உள்ளே ஓடிவிட்டாள். நைனா கையில் இருந்த கயிற்றை ஏற்கெனவே கட்டிய கம்பத்திலேயே மறுபடி சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“வேற இன்னா சொன்னான்?”

“டீல சக்கர கம்மின்னாரு” என்றார் பாய். சொல்லிவிட்டுச் சாமி பாட்டு போடப் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. எத்தனை நேரம் உள்ளே இருந்தீர்கள், அவ்வளவும் சொன்னால்தான் என்ன? சொல்லவில்லை. வேண்டுமானால் நைனாவே போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன், வெளியே ஒரு பாட்டு கேட்டது. ஒருத்தன் வண்டியோட்டிக்கொண்டே தன் ஊரை நினைத்துப் பாடுகிற பழைய பாட்டு. கல்யாண வீட்டில் யாரும் போடாத பாட்டு. எட்டிப் பார்த்தேன். இசைத்தட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நைனா மடித்துக் கட்டிய வேட்டியோடு குந்தியிருந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்து, பாய் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். டெண்டு கொட்டாயில் அண்ணனும் தம்பியும் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களின் பாட்டுகள் அவை. சித்தப்பா சைக்கிள் மிதிக்கும்போது பாடுவார், எனக்கு எல்லாமே தெரியும். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மை வைத்துவிட்ட அத்தை, “ஐயோ, எல்லாம் போச்சு” என்று என்னைத் திட்டினாள். போகட்டும் என்று நன்றாக அழுதேன்.

மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் ஒருத்தர், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர், பந்தலிலிருந்தே கேட்டார்: “இன்னாங்க சம்பந்தி, கல்யாண வூட்ல அழுவாச்சிப் பாட்டு?”

“எங்க வூட்ல இப்பிடித்தான்” என்றார் நைனா. பாயிடம், “இன்னொரு வாட்டி அதையே போடு” என்றார்.

பாய் ஊசியை எடுத்து மறுபடி வைத்தார். வைத்துவிட்டு எதிர்வீட்டைக் காட்டி நைனாவின் காதோரம், “அண்ணே, கட்டில ஜன்னலாண்ட இழுத்துப் போட்டுட்டாங்க” என்றாராம். நைனா நிமிராமலே அடுத்த தட்டை எடுத்து நீட்டினார்.

முகூர்த்தத்துக்கு மைக் மணையின் பக்கத்திலேயே இருந்தது. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டும். முதலில் நைனா, அம்மா. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. எழுந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மணையை விட்டு இறங்கினேன். “எங்க?” என்றார் அவர். “எங்க சித்தப்பா காலுல உழுவணும்” என்றேன். பாவம், புது ஆள், மறுபேச்சு இல்லாமல் கூடவே வந்தார். “ஏய், எங்கடி போற?” என்று அம்மா கூப்பிடுவது கேட்டது. நைனாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன். மாலையும் கழுத்துமாகத் தெருவைத் தாண்டினேன். பந்தலில் அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள், பாட்டும் ஆரம்பித்துவிட்டது.

சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொண்டது. குழாய் நேராக ஜன்னலைப் பார்த்து அல்லவா கட்டியிருக்கிறது! சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு. தாடி வளர்ந்து, பாதி ஆளாகப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலைத் தொட்டு விடாமல் குனிந்து கும்பிட்டோம். என் தலையில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. சின்னம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திடீரென்று சித்தப்பாவின் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன்.

வாசற்படியை மிதித்துக்கொண்டு நைனா நின்றிருந்தார். துண்டு கையில் இருந்தது. உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்து, பாட்டுக்கு மேலே கத்தினார்: “உங்க நைனா இன்னாமா சொல்றாரு? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!”

நைனா ஒன்றுமே சொல்லவில்லை. உதடுகூட அசையவில்லை. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பாயைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் முன்னாலேயே எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியைத் தூக்கிவிட்டார்.

அந்தத் தெருவில் இரண்டு நாளாக இல்லாத அமைதி. பந்தியில் இலையில் கை படுகிற சத்தம்கூடக் கேட்டது.

“காலு எப்பிடிடா இருக்குது?” என்றார் நைனா.

“வலிக்குதுண்ணா” என்றார் சித்தப்பா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நைனா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே பந்தலிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “இன்னா பாய், கரண்ட்டு போச்சா? பந்தி நடக்குது, பாட்டப் போடுய்யா!”

“கரண்ட்டு இருக்குதுங்க” என்று பாய் அந்தச் சின்னக் குரலில் சொன்னதுகூட அந்த அமைதியில் எங்களுக்குக் கேட்டது. “உள்ள அண்ணன் தம்பி பேசிக்கினு இருக்காங்க. பேசி முடிக்கட்டும்.”